பட்டையில் குறை இல்லை

என்ன படிக்கிறாய் என்று ஆம்பூரில் யாராவது கேட்டால் நான் உண்மையிலேயே பதில் சொல்லிவிடுவேன். அது என்னுடைய கெட்ட பழக்கம். மற்றவர்கள் "பிசிக்ஸ்" என்று ஒரு வார்த்தையில் முடித்துக்கொள்வார்கள். நான் நின்று விளக்குவேன். நியூட்ரினோ என்று ஒரு துகள் இருக்கிறது, பூமியின் இந்தப் பக்கம் நுழைந்து எதையும் தொடாமல் அந்தப் பக்கம் வெளியே போய்விடும், எப்போதாவது ஒன்று மட்டும் ஓர் அணுக்கருவில் மோதும், அப்படி மோதினால் என்ன ஆகும் என்று கணக்குப் போடுகிறேன் என்பேன். எங்கள் தெரு முனையில் பெட்டிக்கடை வைத்திருந்த அம்மாள் இதை முழுக்கக் கேட்டுவிட்டு, "எதையும் தொடாம தன் பாட்டுக்குப் போவுதுன்னா அத்த ஏம்மா நீ தொந்தரவு பண்றே?" என்றார். ஐந்து வருஷ ஆராய்ச்சியில் என்னிடம் யாரும் கேட்ட கேள்விகளில் அது ஒன்றும் மோசமானதில்லை.

என் அப்பா தோல் பதனிடும் டேனரியில் டிரம் ஆள். மரத்தால் ஆன பெரிய பீப்பாய் போல இருக்கும் அந்த டிரம். அதற்குள் தோலையும் ஆவாரம்பட்டைச் சாற்றையும் போட்டு மூடிச் சுற்றவிடுவார்கள். எங்கள் வீட்டுத் துணி, தலையணை, என் புத்தகங்கள் எல்லாவற்றிலும் அந்த வாசனை இருந்தது. பின்னால் மெட்ராஸில் ஆராய்ச்சி மாணவியாகச் சேர்ந்தபோது, கம்ப்யூட்டர் சென்டரில், கணக்கைத் துளையாக அடித்த பஞ்ச் கார்டு பெட்டிகளை வாங்கி வைக்கிறவர் என் பெட்டியை மட்டும் ஜன்னல் ஓரமாகத் தள்ளி வைப்பார். ஏன் சார் என்று கேட்டேன். சிரித்தார். உங்கள் காலில் இருக்கிற செருப்பு எங்கள் ஊரிலிருந்துதான் வந்திருக்கும், அதையும் கழற்றி ஜன்னலில் வையுங்கள் என்றேன். அதற்குப் பிறகு என் பெட்டி மற்ற பெட்டிகளோடு சேர்ந்தது.

நான் சொல்ல வந்த விஷயம் அதற்கும் முன்பே ஆரம்பித்தது.

எழுபதுகளின் கடைசியில், பி.எஸ்ஸி. முடித்த கையோடு, அப்பா வேலை பார்த்த டேனரியிலேயே எனக்கு லேபில் வேலை கிடைத்தது. லேப் என்றால் ஒரு அறை, ஒரு மேஜை, ஒரு தராசு, நான்கைந்து கண்ணாடிக் குடுவை. அவர்களுக்குக் கெமிஸ்ட்ரி படித்தவர் வேண்டும். கிடைத்தது பிசிக்ஸ் படித்த நான். தலைக்கனத்துக்குக் குறைவில்லை.

அந்த நாளில் பட்டைச் சாறு எவ்வளவு, எத்தனை மணி நேரம் என்பதை டிரம் ஆட்கள் கையாலும் மூக்காலும் முடிவு செய்தார்கள். நான் அதை அறிவியல் ஆக்கப் புறப்பட்டேன். ஒரு பக்கெட்டில் ஒரே ஒரு ஆட்டுத்தோலைப் போட்டு, சாறு ஊற்றி, கிளறிக் கிளறி விட்டுப் பார்த்தேன். எட்டு மணி நேரத்தில் சாறு தோலின் நடுவரை போய்விட்டது. ஒரு தோலுக்கு இவ்வளவு சாறு என்றால் இருநூறு தோலுக்கு அதைப்போல் இருநூறு மடங்கு, நேரம் அதே எட்டு மணி. பள்ளிக்கூடப் பிள்ளை போடுகிற பெருக்கல். அதைத் தாளில் எழுதி டிரம்மில் ஒட்டினேன்.

டிரம் ஆட்களிடம் ஒரு வழக்கம் உண்டு. டிரம்மை நிறுத்தியதும் கதவருகில் கிடக்கும் தோலை எடுக்க மாட்டார்கள். ஒருவர் தோள் வரைக்கும் கையை உள்ளே விட்டு, குவியலின் நடுவிலிருந்து ஒரு தோலை இழுத்துப் போடுவார். அதன் கழுத்துப் பக்கம்தான் தடிப்பு அதிகம். அங்கே கத்தியால் ஒரு வெட்டு வெட்டி ஓரத்தைப் பார்ப்பார்கள். முழுக்கப் பழுப்பாக இருந்தால் சரி. நடுவில் வெள்ளைக் கோடு தெரிந்தால் உள்ளே இன்னும் பச்சைத் தோல் என்று அர்த்தம், மூடித் திரும்பச் சுற்ற வேண்டும்.

அன்றைக்கு நான் கதவருகில் கிடந்த தோலை எடுத்து வெட்டினேன். பழுப்பு. "எறக்குங்க" என்றேன். ஒரு டிரம் ஆள், "நடுவுல ஒண்ணு இழுத்துப் பாத்துடலாமே மா" என்றார். "கணக்கு சரியா இருக்கு, வேண்டாம்" என்றேன். அப்பா அங்கேதான் நின்றிருந்தார். ஒன்றும் சொல்லவில்லை.

தோல் காய்ந்த பிறகுதான் தெரிந்தது. பாதிக்கு மேல் தகடு மாதிரி விறைத்துவிட்டது. வெட்டிப் பார்த்தால் நடுவில் வெள்ளைக் கோடு. பக்கெட்டில் தனியாகக் கிடந்த தோலைச் சுற்றி எல்லாப் பக்கமும் சாறு. டிரம்மில் ஒரு தோலைச் சுற்றி இருப்பது இன்னொரு தோல். ஒன்றோடு ஒன்று ஒட்டி, மடிந்து, அழுத்திக்கொண்டு கிடக்கும் இருநூறு தோல், தனித்தனி இருநூறு தோல் ஆகாது. இதைப் புரிந்துகொள்ள ஐன்ஸ்டைன் தேவையில்லை. நடுவில் கையை விட்டிருந்தால் போதும்.

மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். கெட்ட மனிதர் இல்லை, பிரச்சினை வேண்டாம் என்கிற மனிதர். டிரம் ஆட்கள் மேல் பழி போட்டால் யூனியன் வரும். என் மேல் போட்டால் அப்பா முகத்தை அவர் பார்க்க வேண்டும். யோசித்துவிட்டுச் சொன்னார்: "பட்டையில சத்து கம்மின்னு லேப் புக்குல எழுதிடும்மா. யாருக்கும் பேஜார் இல்ல."

எழுதினேன். நீல மையில், என் நல்ல கையெழுத்தில், தேதி போட்டு எழுதினேன்.

பேஜார் ஒருவருக்கு இருந்தது. பேரணாம்பட்டுக்கு அப்பால், ஆந்திர எல்லையோரக் கிராமங்களில் ஆவாரம்பட்டை வாங்கி எங்களுக்குக் கொண்டுவந்தவர். என்னைவிடப் பத்து வயது மூத்தவர் இருப்பார். பாதித் தமிழும் பாதித் தெலுங்குமாகப் பேசுவார். டேனரி அவரை நிறுத்திவிட்டது. சத்தில்லாத பட்டை என்று ஓர் இடத்தில் பெயர் வந்தால் பாலாற்றங்கரை டேனரி முழுக்க அது போய்ச் சேரும். ஒரு வாரம் கழித்து அவர் ஒரு பையில் பட்டையோடு லேப் வாசலில் வந்து நின்றார். "அம்மா, இது அதே லோடு. நீயே இன்னொரு வாட்டி டெஸ்ட் பண்ணிப் பாரும்மா" என்றார். லேபில் மருந்து தீர்ந்துவிட்டது என்று சொன்னேன். பொய். பாட்டில்கள் என் முதுகுக்குப் பின்னால்தான் இருந்தன. அவர் அவற்றைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

ஒரு வருஷத்தில் அந்த வேலையை விட்டேன். எம்.எஸ்ஸி. முடித்து, வேலூரில் ஒரு கல்லூரியில் தற்காலிக விரிவுரையாளர் ஆனேன். சத்துவாச்சாரியில் ஹைவேயில் லாரி போவது கேட்கிற மாதிரி ஒரு போர்ஷன் வாடகைக்கு எடுத்தேன். சனிக்கிழமை தோறும் காட்பாடியில் ரயில் ஏறி மெட்ராஸ் போய் ஆராய்ச்சி. பிஎச்.டி. முடித்தால் கல்லூரியில் வேலை நிரந்தரம் என்று சொல்லி வைத்திருந்தார்கள்.

என் கணக்கு இதுதான். நியூட்ரினோ அணுக்கருவுக்குள் இருக்கும் ஒரு நியூட்ரானை அடிக்கிறது. நியூட்ரான் புரோட்டானாக மாறி வெளியே தெறிக்கிறது. தனி நியூட்ரானை அடித்தால் என்ன ஆகும் என்று தெரியும். கருவுக்குள் எத்தனை நியூட்ரான் இருக்கிறதோ அத்தனையால் பெருக்க வேண்டும். பிறகு ஒரு திருத்தம்: கருவுக்குள் இடமெல்லாம் நிரம்பியிருக்கிறது, அடி மெதுவாக விழுந்தால் தெறிக்கிற துகளுக்குப் போக இடம் இல்லை, அதனால் அந்த மோதல் நடக்காது. அதையும் கழித்தேன். கழித்து ஒரு வளைகோடு வரைந்தேன். வெளிநாட்டுச் சோதனைச்சாலைகளில் பெரிய தொட்டியில் திரவத்தை நிரப்பி, துகள்கள் போன தடத்தைப் படம் பிடித்து, அதை எண்ணி அளந்து வெளியிட்டிருந்தார்கள். அந்தப் புள்ளிகளை என் கோட்டின் மேல் வைத்தேன்.

வலது பக்கம் ஓரளவு பொருந்தியது. இடது பக்கம், அடி மெதுவாக விழுகிற இடத்தில், நான்கு புள்ளிகள் கோட்டுக்குக் கீழே கிடந்தன. கொஞ்சம் கீழே இல்லை, பார்த்தால் கண்ணை உறுத்துகிற அளவுக்குக் கீழே. கார்டு தப்பாக அடித்துவிட்டேன் என்று நினைத்தேன். மூன்று மாதம் கார்டு கார்டாகச் சரிபார்த்தேன். தப்பு இல்லை.

என் வழிகாட்டிப் பேராசிரியர் கூர்மையானவர். என் வேலையை வரி விடாமல் படிக்கிறவர். அவருக்கு இது புதிதில்லை.

"அந்த நாலு பாயிண்டை விட்டுடும்மா. சின்னச் சின்னத் தடமெல்லாம் போட்டோவுல சரியா தெரியாது. எண்ணும்போது விட்டிருப்பாங்க. டேட்டா மோசம்" என்றார்.

"மீதியும் முழுசா பொருந்தலையே சார்?"

"அதுக்குத்தான் ஒரு எண் இருக்கே. அதைக் கொஞ்சம் ஏத்து. உக்காந்துடும். எல்லாரும் அப்படித்தான் பண்றாங்க."

அவர் சொன்ன எண் நியூட்ரானின் குணத்தைச் சொல்கிற ஓர் எண். அதை ஏற்றினால் கோட்டின் இடது பக்கம் அமுங்கி வலது பக்கம் எழும். ஏற்றிப் பார்த்தேன். அவர் சொன்னபடியே உட்கார்ந்தது. ஆனால் அதே எண்ணைக் கன ஹைட்ரஜனில் செய்த சோதனைக்குப் போட்டால் அங்கே கோடு புள்ளிகளை விட்டு விலகியது. கன ஹைட்ரஜனின் கருவில் இருப்பது ஒரு புரோட்டான், ஒரு நியூட்ரான், அவ்வளவுதான். நெருக்கம் கிடையாது. அங்கே பழைய எண் சரியாகவே இருந்தது. பெரிய கருவில்தான் பொருந்தவில்லை.

ரயிலில் வாலாஜா தாண்டும்போது எனக்கு அது உறைத்தது. உறைத்ததும் வெட்கமாக இருந்தது. கன ஹைட்ரஜன் என் பக்கெட். பெரிய கரு என் டிரம். நான் மறுபடியும் ஒன்றை அளந்து எண்ணிக்கையால் பெருக்கிக்கொண்டிருந்தேன். உள்ளே ஒன்றோடு ஒன்று நெருக்கிக்கொண்டு கிடப்பவை எப்படி நடந்துகொள்கின்றன என்பது என் கணக்கில் சரியாக இல்லை. இடம் இல்லை என்கிற ஒரு திருத்தம் மட்டும் போதவில்லை. வேறு என்ன நடக்கிறது என்று எனக்குத் தெரியாது. அடி ஒன்றின் மேல் விழாமல் இரண்டின் மேல் சேர்ந்து விழுகிறதா என்று ஒரு சந்தேகம் மட்டும் இருந்தது, அதை நிரூபிக்க வழி இல்லை. தெரியாத இடத்தில் நான் செய்யச் சொல்லப்பட்டது என்ன? டேட்டா மோசம் என்று எழுது. பட்டையில் சத்து கம்மி என்று எழுது.

அடுத்த சனிக்கிழமை பேராசிரியரிடம் போய், "புள்ளியை எடுக்க மாட்டேன் சார். எண்ணையும் ஏத்த மாட்டேன். கோடு இப்படி, புள்ளி அப்படி, காரணம் எனக்குத் தெரியாதுன்னு எழுதப்போறேன்" என்றேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். "தெரியாதுன்னு எழுதுறதுக்கு எதுக்கும்மா பிஎச்.டி.? நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

"சரி சார்" என்று வெளியே வந்துவிட்டேன்.

ஆம்பூருக்குப் போய் வீட்டில் சொன்னேன். அப்பா அப்போது வேலையிலிருந்து நின்றிருந்தார். எனக்காகக் கொதிப்பார் என்று எதிர்பார்த்தேன்.

"எத்தினி புள்ளி?" என்றார்.

"நாலு."

"நாலு புள்ளிக்கா வேலய வுடுவே? எழுதிக் குடுத்துட்டு வேலயப் பாரும்மா."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. "அன்னைக்கும் இப்படித்தான் எழுதிக் குடுத்தேன். பட்டைக்காரர் பொழப்பு போச்சு. தெரியும் இல்ல உங்களுக்கு?"

அப்பா தரையைப் பார்த்துச் சொன்னார்: "பட்டை நல்ல பட்டைதான். கையில புடிச்சப்பவே தெரியும் எனக்கு."

"அப்ப ஏன் வாயத் தொறக்கல?"

"தொறந்தா உன் வேல போயிருக்கும்" என்றார்.

அன்று நான் சாப்பிடாமல் சத்துவாச்சாரிக்குப் பஸ் ஏறினேன். பஸ்ஸில் அழுதேன். எனக்காக அவர் வாயை மூடிக்கொண்டார் என்பது எனக்குத் தாங்கவில்லை. கத்தத்தான் தோன்றியது. யாரிடம் கத்துவது?

ஒரு வருஷத்துக்கு மேல் ஆய்வேடு மேஜையிலேயே கிடந்தது. கல்லூரியின் நிரந்தர வேலை வேறொருவருக்குப் போனது. சக ஆசிரியர்கள் என்னைப் பிடிவாதக்காரி என்றார்கள். ஆமாம் என்றேன். இன்னும் என்ன எழுதுகிறாய் என்று கேட்டவர்களிடம், எழுதி முடித்துவிட்டேன், அழிக்கத்தான் மாட்டேன் என்கிறேன் என்றேன்.

கடைசியில் பேராசிரியரே ஆள் விட்டார். போனேன். அவர் மேஜையில் என் வளைகோட்டுப் படம் இருந்தது, பக்கத்தில் அவர் கையால் வரைந்த இன்னொரு படம். அவருடைய எண்ணைக் கன ஹைட்ரஜனில் தானே போட்டுப் பார்த்திருக்கிறார். "விலகுது" என்றார். கையெழுத்துப் போட்டுவிட்டு, "வைவாவுல கிழிச்சுடுவாங்க. நான் வாயைத் திறக்க மாட்டேன்" என்றார். அவர் நேர்மையானவர் என்பதை நான் என்றும் மறுத்ததில்லை. என்ன, ஒரு வருஷம் தாமதமான நேர்மை.

வைவாவில் கிழித்தார்கள். வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர், தெரியாது என்று முடிகிற ஆய்வேட்டுக்கு ஐந்து வருஷமா என்றார். எவையெல்லாம் காரணம் இல்லை என்று காட்ட ஐந்து வருஷம் ஆனது என்றேன். அந்த நான்கு புள்ளிகளை அளந்தவர்கள் தப்பு செய்திருக்கக் கூடாதா என்றார். செய்திருக்கலாம், ஆனால் என் கணக்கு பொருந்தவில்லை என்பது மட்டும் அதற்குச் சாட்சி ஆகாது என்றேன். அவர் விடவில்லை. அப்போதுதான் பட்டைக் கதையைச் சொன்னேன், பக்கெட், டிரம், வெள்ளைக் கோடு, லேப் புத்தகம் எல்லாம். ஹாலில் எல்லோரும் சிரித்தார்கள். தேர்வாளரும் சிரித்தார். பட்டம் கிடைத்தது, அந்தத் "தெரியாது" என்கிற வாக்கியத்தோடு.

திரும்பி வரும் ரயிலில் அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. ஒரு ஹால் நிறைய ஆட்களிடம் ஒப்புக்கொண்டு பட்டமும் வாங்கிவிட்டேன். சொல்ல வேண்டிய ஒரே ஆளிடம் சொல்லவில்லை.

மறுநாள் ஆம்பூர் போய், பேரணாம்பட்டு போகிறேன் என்றேன். எதற்கு என்று அப்பா கேட்கவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு கூடவே வந்தார்.

விசாரித்துக் கண்டுபிடித்தோம். பட்டைக்காரர் இப்போது பீடி இலை விற்கிறார். தராசுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார், தலை பாதி நரைத்திருந்தது. என்னை அடையாளம் கண்டுகொண்டு ஸ்டூலை இழுத்துப் போட்டார். நான் உட்காரவில்லை.

"உங்க பட்டையில ஒரு குறையும் இல்ல. நான்தான் தப்பா கணக்குப் போட்டேன். தப்பை உங்க மேல எழுதிட்டேன். நீங்க வந்து கேட்டப்ப மருந்து இல்லன்னு பொய்யும் சொன்னேன்."

அவர் தராசுத் தட்டிலிருந்த இலையை எடுத்துக் கீழே வைத்தார். "பட்டை நல்ல பட்டைன்னு எனக்குத் தெரியும்மா. உனக்குத் தெரியுமா இல்லியான்னுதான் தெரியாம இருந்துச்சு. இத்தினி வருசமா அது ஒண்ணுதான்" என்றார். பிறகு, "எழுதுனது அப்படியேதான இருக்குது அங்க?" என்று கேட்டார்.

கோபமாகக் கேட்கவில்லை. கேட்டார், அவ்வளவுதான்.

அன்று மத்தியானமே டேனரிக்குப் போனோம். வாட்ச்மேனுக்கு அப்பாவைத் தெரியும், உள்ளே விட்டார். லேபில் புதிதாக ஒரு கெமிஸ்ட் இருந்தார். பழைய புத்தகங்கள் மூலையில் பீரோவில்தான் இருக்கின்றன என்றார். தேடி எடுத்தேன். நீல மை கொஞ்சமும் மங்கவில்லை. நான் பேனாவைத் திறந்து அந்த வரி மேல் வைத்தபோது மேனேஜர் வந்துவிட்டார். அதே மேனேஜர்.

"இன்னாம்மா பண்றே? கம்பெனி ரெக்கார்டு அது. யாரு உன்னை அடிக்கச் சொன்னது?"

"நான் எழுதினது சார். நான் அடிக்கிறேன்" என்றேன்.

அடித்தேன். அழித்துவிடவில்லை. கீழே இருப்பதைப் படிக்க முடிகிற மாதிரி ஒரே ஒரு கோடு. பக்கத்தில், பட்டையில் குறை இல்லை, கணக்கு என்னுடையது, தவறும் என்னுடையது என்று எழுதித் தேதியும் பெயரும் போட்டேன். மேனேஜர் அப்பாவைப் பார்த்து, "நீயாவது சொல்லக் கூடாதா?" என்றார்.

அப்பா என் கையிலிருந்து பேனாவை வாங்கினார். சம்பளப் பதிவேட்டில் கையெழுத்துப் போடுவதைத் தவிர அந்தக் கை எழுதி நான் பார்த்ததில்லை. என் பெயருக்குக் கீழே, ஒவ்வோர் எழுத்தாக, "அப்பவே எனக்கும் தெரியும்" என்று எழுதி, தன் பெயரையும் போட்டார்.